கொல்லிமலைப் பாட்டி

கொல்லிமலை என்றதும் நம்மில் பலருக்கு ஆகாய கங்கை அருவியும், 70 கொண்டை ஊசி வளைவுகளும், வல்வில் ஓரியும்தான் நினைவுக்கு வரும். அந்தச் சாலை வருவதற்கு வெகு காலம் முன்பே, 1913ல், லண்டனில் வசதியான வீட்டில் பிறந்த எவ்லின், கணவர் ஜெஸ்ஸி பிராண்டுடன் இந்த மலைக்குக் குடியேறினார். இருவரும் கிறிஸ்தவ ஊழியர்கள். மலேரியாவுக்குப் பேர்போன மலை அது. மருந்து கொடுத்தார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள், ஆதரவற்ற குழந்தைகளை வளர்த்தார்கள்.

சொந்தப் பிள்ளைகள்? மலையிலேயே மரமேறி வளர்ந்த பாலையும் கோனியையும் 1923ல் படிப்புக்காக இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு மலைக்குத் திரும்பினார். பாலுக்கு அப்போது 9 வயது. அடுத்த 6 வருடமும் கடிதம் மட்டும்தான். ஊர்க் குழந்தைகளுக்குத் தாயானவர், தன் குழந்தைகளுக்குத் தபாலில் தாயாக இருந்தார். இது சரியா என்று கேட்பவர்கள் இருக்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

1929 ஜூனில் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். தந்தி போய்ச் சேர்ந்த பிறகும், அவர் மகனுக்கு எழுதிய கடிதங்கள் கப்பலில் வந்துகொண்டிருந்தன. அதன்பின் இங்கிலாந்து வந்த தாயின் ஒடுங்கிய உருவத்தைப் பார்த்து மகன் திகைத்துப்போனார்.

அதே பால் பிராண்ட்தான் 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து, தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர்.

எவ்லினோ 70ஐ நெருங்கும் வயதில் மிஷனிலிருந்து ஓய்வு பெற்று, ஊருக்குப் போகாமல் மீண்டும் மலையேறினார். மட்டக் குதிரையிலும், பிறகு இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றியும் ஊர் ஊராகப் போனார். கடைசி 20 வருடம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். 1974 டிசம்பரில், 95 வயதில் இறந்தார். கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.