ஃபேனி லூ ஹேமர்: பருத்திக்காட்டிலிருந்து வாக்குச்சாவடி வரை

ஃபேனி லூ ஹேமர் (அக்டோபர் 6, 1917 – மார்ச் 14, 1977) அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த கறுப்பினக் குடியுரிமைப் போராளி. வாரச் சாகுபடிக் குடும்பத்தில் பிறந்து, 44 வயது வரை பருத்திப் பண்ணையில் உழைத்தவர். 1962இல் வாக்காளராகப் பதிய முயன்றதற்காக வேலையையும் வீட்டையும் இழந்தார். அடுத்த ஆண்டு சிறையில் அடிபட்டார். மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சியின் துணைத் தலைவராக 1964இல் அவர் அளித்த வாக்குமூலம் நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. வாக்குரிமையையும் வயிற்றுப்பாட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பதைத் தம் வாழ்விலிருந்தே கண்டு, அதன்படி செயல்பட்டவர் என்பதே வரலாற்றில் அவருக்குள்ள தனி இடம்.

பின்னணி: ஏட்டில் இருந்த உரிமை

இனத்தின் பேரால் எவருக்கும் வாக்குரிமையை மறுக்கக்கூடாது என்று கூறும் 15ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1870இலேயே நிறைவேறிவிட்டது. ஆனால் மிசிசிப்பி மாநிலம் 1890இல் எழுதிய புதிய அரசியல் சட்டம் அதை நடைமுறையில் செல்லாக்காசாக்கியது. அச்சட்டத்தில் எங்கும் இனம் குறிப்பிடப்படவில்லை. வாக்களிக்க விரும்புவோர் தலைவரி செலுத்த வேண்டும். அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவைப் பதிவு அலுவலர் திருப்தியடையும்படி விளக்க வேண்டும் என்று மட்டும் அது கூறியது. எந்தப் பிரிவைக் கேட்பது, எந்த விளக்கம் சரி என்பதை முடிவு செய்தவர் வெள்ளையரான அந்த அலுவலரே. 1962இல் வந்த மற்றொரு சட்டம், விண்ணப்பித்தவர்களின் பெயர்களை உள்ளூர்ச் செய்தித்தாளில் வெளியிடச் செய்தது. யாரை வேலையிலிருந்து நீக்குவது, யாருக்குக் கடன் மறுப்பது என்று முதலாளிகள் அறிந்துகொள்ள அது போதுமானதாக இருந்தது.

ஹேமர் வாழ்ந்த சன்பிளவர் கவுண்டியில் மக்களில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். நிலம் பெரும்பாலும் வெள்ளையர் கையில் இருந்தது. குடியுரிமை மசோதாக்களை முடக்குவதில் பெயர்பெற்ற செனட்டர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாந்தின் பல ஆயிரம் ஏக்கர் பண்ணை இங்குதான் இருந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அதை எதிர்த்து முதல் வெள்ளையர் குடிமக்கள் மன்றம் தோன்றியதும் இதே கவுண்டியின் தலைநகரான இந்தியனோலாவில்தான். வேலை, கடன், வீடு ஆகியவற்றைப் பறித்து கறுப்பின மக்களை அடக்குவது அம்மன்றங்களின் முதன்மையான வழிமுறை.

இளமையும் பண்ணை வாழ்வும்

ஜேம்ஸ் லீ டவுன்சென்ட், லூ எல்லா தம்பதியரின் 20 பிள்ளைகளில் கடைக்குட்டி ஃபேனி லூ. ஆறு வயதில் பருத்தி எடுக்கத் தொடங்கினார். ஏறத்தாழ 12 வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. வாரச் சாகுபடியில் விதை, உரம், உணவு எல்லாம் பண்ணையாரிடம் கடனாகப் பெற வேண்டும். விளைச்சலில் பாதி அவருக்குப் போகும். மீதிப் பாதியில் கடன் கழிக்கப்படும். எடையும் கணக்கும் பண்ணையார் சொல்வதுதான். டவுன்சென்ட் குடும்பம் ஒருமுறை சிறுகச் சிறுகச் சேமித்துக் கோவேறு கழுதைகளும் உழவுக் கருவிகளும் வாங்கியது. அயலில் இருந்த வெள்ளையர் ஒருவர் தீவனத்தில் நஞ்சு கலந்து அக்கால்நடைகளைக் கொன்றதாக ஹேமர் பின்னாளில் கூறினார். அதன்பின் அக்குடும்பம் தலைநிமிரவில்லை.

1944இல் டிராக்டர் ஓட்டுநர் பெர்ரி ஹேமரை மணந்து, ரூல்வில் அருகிலுள்ள பண்ணையில் குடியேறினார். எழுதப் படிக்கத் தெரிந்ததால் வேலைநேரமும் பருத்தி எடையும் குறிக்கும் கணக்கர் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. பண்ணையின் தராசு உழைப்பாளிகளை ஏமாற்றும்படி அமைந்திருந்தது. முதலாளி கண்ணில் படாத வேளைகளில், தாம் கொண்டுவந்த சரியான எடைக்கல்லை மாட்டி ஹேமர் நிறுத்தார். இயக்கம் எதிலும் சேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே நடந்த எதிர்ப்பு இது.

1961இல் கருப்பைக் கட்டியை அகற்றச் சென்ற அவருக்கு, அவரிடம் சொல்லாமலே கருப்பை முழுவதும் அகற்றப்பட்டது. ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இது அன்று அடிக்கடி நேர்ந்தது. ‘மிசிசிப்பி குடல்வால் அறுவை’ என்று ஹேமர் இதைக் கசப்புடன் குறிப்பிட்டார். பேசத் தயங்கும் விஷயமாக இருந்த இதனைப் பொது மேடையில் சொன்ன முதல் சிலருள் அவரும் ஒருவர்.

பதிவு முயற்சியும் விலையும்

1962 ஆகஸ்டில் ரூல்வில் தேவாலயம் ஒன்றில் மாணவர் அகிம்சை ஒருங்கிணைப்புக் குழு நடத்திய கூட்டத்தில் கலந்துகொண்டார். தமக்கு வாக்குரிமை உண்டு என்பதையே அன்றுதான் அறிந்ததாக அவர் பின்னர் கூறினார். ஆகஸ்ட் 31 அன்று 18 பேர் ஒரு பழைய பேருந்தில் இந்தியனோலா சென்றனர். சட்டத்தில் எழுதப்படாமல் நடைமுறையில் மட்டும் நிலவும் சட்டங்களைப் பற்றிய பிரிவை விளக்குமாறு அவரிடம் கேட்கப்பட்டது. அத்தகைய சட்டங்களின் கீழேயே வாழ்ந்துவந்த அவரால், அலுவலர் எதிர்பார்த்தபடி அதை எழுத முடியவில்லை. திரும்பும் வழியில் பேருந்தின் மஞ்சள் நிறத்தைக் காரணம் காட்டிக் காவலர் ஓட்டுநருக்கு அபராதம் விதித்தனர். அச்சத்தில் உறைந்திருந்த பயணிகளுக்கு ஹேமர் பாடல்களைப் பாடித் தைரியம் ஊட்டினார்.

அன்று மாலையே பண்ணையார் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும்படி கூறினார். தமக்காகவே பதியச் சென்றதாகவும் பண்ணையாருக்காக அல்ல என்றும் ஹேமர் மறுமொழி கூறி, 18 ஆண்டுகள் வாழ்ந்த இடத்தை விட்டு அன்றிரவே வெளியேறினார். அறுவடை முடியும்வரை கணவர் அங்கேயே இருக்க நேர்ந்தது. செப்டம்பர் 10 அன்று ஹேமரைக் குறிவைத்து அவருக்கு அடைக்கலம் தந்த வீட்டின் மீது 16 முறை துப்பாக்கியால் சுட்டனர். டிசம்பரில் மீண்டும் தேர்வெழுதி, 1963 ஜனவரி 10 அன்று தேர்ச்சி பெற்றார். ஆனாலும் தலைவரி ரசீதுகள் இல்லை என்று கூறி வாக்களிக்க விடவில்லை.

வினோனா சிறை

1963 ஜூன் 9 அன்று, தென் கரோலினாவில் வாக்காளர் பயிற்சி முகாமை முடித்துத் திரும்பும் வழியில் வினோனா பேருந்து நிலையத்தில் அவரும் தோழர்களும் கைதாயினர். சிறையில் இரு கறுப்பினக் கைதிகளைக் கட்டாயப்படுத்தி ஹேமரை அடிக்கச் செய்தனர் காவலர்கள். இளம்பிள்ளைவாதத்தால் முன்பே நலிந்திருந்த அவரது கால் மேலும் பாதிக்கப்பட்டது. சிறுநீரகமும் ஒரு கண்ணும் நிரந்தரமாகச் சேதமுற்றன. ஜூன் 12 அன்று வெளியே வந்தபோது, மிசிசிப்பியின் மற்றொரு தலைவரான மெட்கர் எவர்ஸ் கொல்லப்பட்ட செய்தி அவர்களை எதிர்கொண்டது. காவலர்கள் மீதான வழக்கில் முழுவதும் வெள்ளையர் அடங்கிய நடுவர் குழு அனைவரையும் விடுவித்தது.

அட்லாண்டிக் நகர் மாநாடு

மிசிசிப்பியின் ஜனநாயகக் கட்சி கறுப்பினத்தவரைச் சேர்க்காததால், 1964 ஏப்ரலில் மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி உருவானது. அக்கோடையில் தன்னார்வலர்கள் ஜேம்ஸ் சேனி, ஆண்ட்ரூ குட்மேன், மைக்கேல் ஷ்வெர்னர் மூவரும் கொல்லப்பட்டனர். ஆகஸ்டில் இப்புதிய கட்சியின் 68 பேராளர்கள் தேசிய மாநாட்டிற்குச் சென்று, மாநிலத்தின் உண்மையான பிரதிநிதிகள் தாங்களே என்று வாதிட்டனர்.

ஆகஸ்ட் 22 அன்று தகுதிச் சான்றுக் குழுவின் முன் ஹேமர் குறிப்பு எதுவுமின்றிப் பேசினார். பண்ணையிலிருந்து வெளியேற்றப்பட்டதையும் வினோனாவில் பட்ட அடிகளையும் விவரித்து, இது எந்த வகைச் சுதந்திர நாடு என்று கேட்டார். தென்மாநில வாக்குகளை இழக்க அஞ்சிய அதிபர் லிண்டன் ஜான்சன் திடீரெனச் செய்தியாளர் சந்திப்பை அறிவிக்க, நேரடி ஒளிபரப்பு பாதியில் நின்றது. ஆனால் அன்றிரவே தொலைக்காட்சி நிறுவனங்கள் அப்பேச்சை ஒளிபரப்பின. மேலும் பலர் அதைப் பார்த்தனர்.

கட்சித் தலைமை இரண்டு இடங்களை மட்டும் தர முன்வந்தது. அவற்றில் யார் அமர்வது என்பதையும் தானே முடிவு செய்தது. அனுபவமிக்க தலைவர்கள் சிலர் ஏற்கலாம் என்றனர். இரண்டு இடங்களுக்காக இவ்வளவு தொலைவு வரவில்லை என்று ஹேமர் மறுத்தார். பேராளர்களும் அவ்வாறே முடிவெடுத்தனர். எனினும் பாகுபாடு காட்டும் குழுக்களை இனி ஏற்பதில்லை என்று கட்சி அளித்த உறுதிமொழி வீணாகவில்லை. 1968 சிகாகோ மாநாட்டில் ஹேமர் முறையான பேராளராக அமர்ந்தபோது அவையினர் எழுந்து நின்று வரவேற்றனர்.

வாக்குரிமைச் சட்டம் 1965 ஆகஸ்ட் 6 அன்று கையெழுத்தானது. அதற்கு முன் மிசிசிப்பியில் தகுதியுள்ள கறுப்பினத்தவரில் 6.7 விழுக்காட்டினரே பதிவு செய்திருந்தனர். 1967இல் அது 59.8 விழுக்காடாக உயர்ந்தது.

சுதந்திரப் பண்ணை

சட்டம் வந்த பின்னும் ரூல்வில்லில் பசி குறையவில்லை. இயந்திரங்களும் களைக்கொல்லிகளும் வந்ததால் பண்ணை வேலைகள் மறைந்தன. வாக்களித்தவர்களை வெளியேற்றுவதும் எளிதாயிற்று. பெட்டியில் உணவு இல்லாதவரை வாக்குச்சீட்டைக் காட்டி மிரட்டலாம் என்பதை ஹேமர் 1962லேயே நேரில் கண்டவர். 1969இல் 40 ஏக்கரில் சுதந்திரப் பண்ணைக் கூட்டுறவைத் தொடங்கினார். நீக்ரோ பெண்கள் தேசிய மன்றத்தின் உதவியுடன் ‘பன்றி வங்கி’ ஒன்றும் அமைந்தது. ஒரு குடும்பம் பெண் பன்றியொன்றைப் பெற்று வளர்க்கும். அது ஈன்ற குட்டிகளில் இரண்டை வங்கிக்குத் திருப்பித் தரும். கூட்டுறவு நிலம் 600 ஏக்கருக்கும் மேல் பெருகியது; காய்கறிகள் தேவைப்பட்ட குடும்பங்களுக்குப் போயின, பருத்தியும் சோயாவும் கடனடைக்க விற்கப்பட்டன. வெள்ளம், வறட்சி, கடன்சுமை, ஹேமரின் நோய் ஆகியவற்றால் 1970களின் நடுவில் அது முடிவுக்கு வந்தது.

இறுதிக்காலமும் மதிப்பீடும்

1971இல் தேசியப் பெண்கள் அரசியல் மன்றத்தை நிறுவியவர்களுள் ஹேமரும் ஒருவர். மார்பகப் புற்றுநோயால் 1977 மார்ச் 14 அன்று தம் 59ஆம் வயதில் மறைந்தார். 2012இல் ரூல்வில்லில் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது. 2025 ஜனவரியில் அதிபரின் சுதந்திரப் பதக்கம் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது.

ஹேமரின் மன உறுதியைப் போற்றும் எழுத்துகள் பல. அவ்வுறுதி தனிமனித இயல்பால் மட்டும் நிலைக்கவில்லை என்பதையும் அவரது வரலாறு காட்டுகிறது. பேருந்தில் உடன் வந்தவர்கள், வெளியேற்றப்பட்ட இரவில் கதவு திறந்தவர்கள், பயிற்சி தந்த மாணவர்கள் ஆகியோர் இன்றி 1964இன் வாக்குமூலம் இல்லை. தமக்குக் கிடைத்த அந்த ஆதரவைப் பிறருக்கு நிலமாகவும் உணவாகவும் மாற்ற அவர் செய்த முயற்சியே சுதந்திரப் பண்ணை. அது எட்டு ஆண்டுகள்கூட நீடிக்கவில்லை. ஆனால் உணவுக்கும் நிலத்துக்கும் பிறரை அண்டியிருக்கும் வரை வாக்குரிமை எவ்வளவு எளிதில் பறிபோகும் என்ற கேள்வியை அது அமெரிக்க வரலாற்றில் பதித்துச் சென்றது.