உயிர்மூச்சு மொழிப் பட்டறை

கலிஃபோர்னியப் பழங்குடியினர் பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஒரு வாரம் தங்கி, தம் முன்னோர் மொழி குறித்த ஆவணங்களைத் தாமே ஆராயும் திட்டம். 1990களின் நடுவில் தொடங்கியது; இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோடையில் நடத்தப்பட்டுவந்தது.

பின்னணி: ஐரோப்பியர் வருமுன் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 100 மொழிகள் வழங்கின. 1769 முதல் நிறுவப்பட்ட ஸ்பானிய மிஷன்கள், 1848இல் தங்கம் கிடைத்த பின் நடந்த படுகொலைகள், தாய்மொழியில் பேசிய பிள்ளைகளைத் தண்டித்த உறைவிடப் பள்ளிகள் ஆகியவற்றால் அவை நசிந்தன. 1901இல் பெர்க்லியில் மானிடவியல் துறை தொடங்கியதும் ஆல்ஃபிரட் குரோபரும் மாணவர்களும் எஞ்சிய முதியவர்களின் பாட்டையும் கதையையும் மெழுகு உருளைகளில் பதிந்தனர். 1953இல் மொழியியலாளர்கள் மேரி ஹாஸும் மரே எமனோவும் கலிஃபோர்னிய இந்திய மொழிகளுக்கான ஆய்வகத்தை நிறுவினர். நீலகிரியில் தோடர் மொழியை ஆராய்ந்து, பர்ரோவுடன் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைத் தொகுத்தவரும் இந்த எமனோவே. குறிப்பேடுகள் குவிந்தன, ஆனால் மொழியைச் சொல்லிக்கொடுத்தவர்களின் வழித்தோன்றல்கள் பலருக்கு அவை எட்டாமலே இருந்தன.

தோற்றமும் நடைமுறையும்: பழங்குடியினரே 1992இல் அமைத்த மொழிக்காப்பு அமைப்பும் மொழியியலாளர் லீன் ஹின்டனும் இந்தக் குறையைத் தீர்க்க முனைந்தனர். பேசுவோர் உள்ள மொழிகளில் ஒரு முதியவரிடம் ஓர் இளையவர் பயிலும் முறை வகுக்கப்பட்டது. பேசுவோரே இல்லாத மொழிகளுக்கு ஆவணங்களே ஆசானாயின. இதற்கென நடந்த பட்டறைக்கு வருவோருக்கு மொழியியல் வழிகாட்டிகள் துணைநின்றனர். பழைய ஒலிக்குறியீடுகளை வாசிக்கவும், ஒலிப்பதிவுகளைத் தேடிக் கேட்கவும், இலக்கணத்தைப் பிரித்தறியவும் கற்றுக்கொடுத்தனர்.

விளைவு: கலிஃபோர்னிய மொழிகளில் ஒன்றான முட்சுனைச் சரளமாகப் பேசிய கடைசி மனிதரான அசென்சியோன் சொலோர்சானோ 1930இல் மறைந்தார். மறைவுக்கு முந்தைய மாதங்களில் நோயுற்ற நிலையிலும் மொழியியலாளர் ஜே. பி. ஹாரிங்டனுக்குத் தம் மொழியைச் சொல்லி எழுதவைத்தார். அந்தக் குறிப்புகளையும், சான் ஹுவான் பௌதிஸ்தா மிஷனின் பாதிரியார் அரோயோ தெ லா குவெஸ்தா 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவற்றையும் ஆதாரமாகக் கொண்டு, பட்டறையில் பங்கேற்ற முட்சுன் வழித்தோன்றல்களும் மொழியியலாளர்களும் கூட்டாக உழைத்தனர். 2016இல் முட்சுன்–ஆங்கில அகராதி வெளிவந்தது.

பரவல்: இதே முறையைப் பின்பற்றி 2010இல் ஓக்லஹோமாவிலும் 2011இல் தலைநகர் வாஷிங்டனிலும் பட்டறைகள் நடந்தன. மொழியைத் தந்த மக்களே அதன் முதல் ஆய்வாளர்களாக இருக்க வேண்டும் என்ற நியாயத்தைப் பல்கலைக்கழகங்களுக்கு நடைமுறையில் உணர்த்தியதே இத்திட்டத்தின் பெருஞ்சாதனை.