விடியும்வரை பாட்டு – 6: சுடலையில் ஓர் ஆர்மோனியம்

சென்ற வாரம் மருதானை டவர் ஹால் வாசலில் நின்றுவிட்டோம். 1911ஆம் ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி. உள்ளே சார்ள்ஸ் டயஸின் 'பண்டுகாபய' நாடகத்துக்குத் திரை விலகப் போகிறது. மேடையோரத்தில் ஒரு மரப்பெட்டி. அதன் முன்னால் ஒருவர் உட்கார்ந்து விரல்களைச் சொடுக்கெடுக்கிறார். அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, அங்கிருந்து எங்கே போனது என்ற கேள்வியோடு போன வாரம் முடிந்தது.

மாளிகாவத்தைக்காரருக்கு டவர் ஹால் தூரத்து இடமல்ல. மையவாடிப் பக்கமிருந்து நடையைக் கட்டி, பஞ்சிகாவத்தையின் மோட்டார் உதிரிப்பாகக் கடைகளைத் தாண்டினால் வந்துவிடும். ஆனால் அந்தப் பெட்டி வந்த வழி நீளமானது. 1840களில் பாரிஸ் நகரத்தில் அலெக்சாந்தர் தெபேன் என்பவர் காப்புரிமை எடுத்த ஆர்மோனியம் அது. தேவாலயங்களில் பெரிய ஓர்கன் வாங்க வசதியில்லாதவர்களுக்காகச் செய்தது. பாதிரிமாரோடு கப்பலேறி இந்தியா வந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைத் தரையில் அமர்ந்து கையால் துருத்தி போட்டு வாசிக்கும்படி சிறிதாக்கினார். பம்பாயின் பார்சி நாடகக்காரர்கள் அதைத் தங்கள் மேடையில் ஏற்றிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்களுடைய கம்பனிகள் கொழும்புக்கு வந்திறங்கின.

அவர்கள் பேசிய ஹிந்துஸ்தானி இங்கே பெரும்பாலானோருக்கு விளங்கவில்லை. பாட்டு விளங்கியது. கம்பனி கப்பலேறிப் போன பிறகும் மெட்டு கொழும்பிலேயே தங்கிவிட்டது. 1903இல் ஜோன் த சில்வா தன்னுடைய 'சிரிசங்கபோ' நாடகத்துக்கு இசையமைக்க விசுவநாத் லௌஜி என்ற வட இந்திய இசைக்கலைஞரை வரவழைத்தார். லௌஜிக்குச் சிங்களம் தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல ஒருவரை நடுவில் வைத்துக்கொண்டே இருவரும் வேலை செய்தார்கள். அப்படி வளர்ந்ததுதான் நூர்த்தி என்ற சிங்களப் பாட்டு நாடகம். அதற்கென்று எழும்பிய கொட்டகைதான் டவர் ஹால்.

பெட்டி அங்கேயே நின்றிருந்தால் இந்தத் தொடரும் அங்கேயே முடிந்திருக்கும். அதே காலத்தில், அதே பெட்டி, தமிழில் வேறொரு பாதையில் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாதை போய்ச் சேர்ந்த இடம் சுடலை.

*

தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் பிறந்து 1922இல் மறைந்தவர். பார்சி மேடையின் திரைச்சீலையையும் ஆர்மோனியத்தையும் எடுத்துக்கொண்டார். அவற்றுக்குள் வள்ளியையும் கோவலனையும் அரிச்சந்திரனையும் வைத்தார். அவருடைய நாடகங்களைக் கற்ற நடிகர்கள் கம்பனி கம்பனியாகக் கடல் கடந்தார்கள். கொழும்பும் யாழ்ப்பாணமும் அவர்களுக்கு மதுரை, திருச்சி போல வழக்கமான ஊர்கள்.

1926இல் கொழும்பில் நடந்த ஒரு சந்திப்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. கொடுமுடியிலிருந்து வந்து இங்கே நடித்துக்கொண்டிருந்தார் கே.பி. சுந்தராம்பாள். வயது பதினெட்டு. செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா இருபது வயதில் இங்கே வந்து சேர்ந்தார். ஒலிவாங்கி இல்லாத காலம். கடைசி வரிசைக் காலரிக்கு எட்டும்படி உச்சக் கட்டையில் பாட வேண்டும். இருவருக்கும் அது இயல்பாக வந்தது. மேடையில் தொடங்கிய போட்டி காதலாகி, அடுத்த ஆண்டு கல்யாணத்தில் முடிந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு இருபத்தேழு வயது. சுந்தராம்பாள் அன்று உடுத்த வெள்ளையைச் சாகும்வரை மாற்றவில்லை. அந்த வெள்ளைச் சேலையோடுதான் பிறகு ஔவையாராகத் திரையில் பாடினார். அவர் குரலில் உள்ள வெறுமைக்குக் காரணம் தேடுகிறவர்கள் கொழும்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

அந்தக் கொழும்புச் சந்திப்புக்கு இரண்டு வருடம் முன்னால், 1924இல், காங்கேசன்துறையில் ஒரு குழந்தை பிறந்திருந்தது. பெயர் வைரமுத்து. ஈழத்தில் 'நடிகமணி' என்றால் இன்றும் ஒருவர்தான்.

*

வி.வி. வைரமுத்துவும் அவருடைய வசந்த கான சபாவும் எத்தனையோ நாடகங்கள் போட்டார்கள். ஊர் கேட்டது ஒன்றைத்தான்: 'மயான காண்டம்'. அரிச்சந்திரன் கதையின் கடைசிப் பகுதி. மூவாயிரம் தடவைக்கு மேல் அதை மேடையேற்றினார் என்று அவரைப் பற்றி எழுதிய பலரும் குறிப்பிடுகிறார்கள். ஓர் ஆயுளுக்குள் ஒரு மனிதன் மூவாயிரம் இரவு சுடலையில் நின்றிருக்கிறான்.

கோயில் திருவிழாதான் இவர்களுடைய பெரிய மேடை. யாழ்ப்பாணத்தில் பத்து நாள் திருவிழா என்றால் பத்து உபயகாரர். யாருடைய திருவிழா பெரிது என்று ஊருக்குள் போட்டி. ஒருவர் நான்கு கூட்டம் மேளம் பிடித்தால் அடுத்தவர் ஆறு பிடிப்பார். சிகரம், மின்குமிழ் அலங்காரம், சின்னமேளம், வில்லுப்பாட்டு எல்லாம் முடிந்து, சுவாமி இருப்புக்குப் போன பிறகு, வீதியில் போட்ட கொட்டகையில் நாடகம் தொடங்கும். சனங்கள் பாயோடும் பிள்ளைகளோடும் கச்சான் சரையோடும் முன்னேரத்திலேயே இடம் பிடித்திருப்பார்கள். முதலில் பபூன் வந்து சிரிக்க வைப்பார். பிறகு ராஜபார்ட். ஸ்திரீபார்ட்டும் பெரும்பாலும் ஆண்தான். பிரதிக்கென்று அளவு கிடையாது. இன்றைக்குக் குரல் நின்று கொடுக்கிறது, சனம் விழித்திருக்கிறது என்றால் ஒரு பாட்டு அரைமணி ஓடும். எதிரே நிற்பவர் அதற்கு ஈடு கொடுத்தே ஆக வேண்டும்.

நடுச்சாமம் தாண்டி, சிறுபிள்ளைகள் எல்லாம் மடியில் தூங்கிப்போன நேரத்தில், சுடலைக் காட்சி வரும்.

மேடையில் பெரிதாக ஒன்றுமில்லை. கறுத்த திரை. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தைத் தணித்து வைத்திருக்கிறார்கள். தோளில் கம்பளி, கையில் தடியோடு ஒருவன் நிற்கிறான். நாடாண்டவன். சொன்ன சொல்லுக்காக நாட்டைக் கொடுத்து, மனைவியையும் மகனையும் விற்று, கடைசியில் தன்னையே சுடலை காக்கும் வீரபாகுவுக்கு விற்றவன். பிணம் எரிக்க வருகிறவர்களிடம் அவன் கேட்டு வாங்க வேண்டியது கால் பணம், முழத்துண்டு, வாய்க்கரிசி. வாய்க்கரிசி அவன் கூலி. மற்றவை எசமானுக்கு.

ஒரு பெண் தனியாகப் பிணத்தைச் சுமந்துகொண்டு வருகிறாள். பாம்பு கடித்துச் செத்த மகன். விறகு பொறுக்கி அடுக்கிக் கொள்ளி வைக்கப் போகிறாள். அவன் தடியால் தட்டி விலக்குகிறான். இருட்டில் இருவருக்கும் முகம் தெரியவில்லை. அவளிடம் கால் பணம் இல்லை. "கழுத்தில் தாலி இருக்கிறதே, அதை விற்றுக் கொண்டு வா" என்கிறான். அவள் திடுக்கிட்டு நிற்கிறாள். அந்தத் தாலி கணவன் ஒருவன் கண்ணுக்கு மட்டுமே தெரியும் என்பது கதை.

எல்லாருக்கும் தெரிந்த கதை. அடுத்து என்ன நடக்கும் என்று பாயில் இருக்கும் கிழவிக்கு வரிவரியாகத் தெரியும். இருந்தும் அந்த இடத்தில் கொட்டகை முழுவதும் அழும். ஏனென்றால் அவன் அவளை அடையாளம் கண்ட பிறகும் கால் பணத்தை விட்டுக்கொடுக்கவில்லை. எரியப்போவது தன் பிள்ளை. கேட்பது தன் எசமானின் கூலி. அவன் பாட்டு அந்த இரண்டுக்கும் நடுவில் நின்று அலைகிறது.

இந்த இடத்தில் ஆர்மோனியம் செய்யும் வேலையைக் கவனித்துக் கேட்க வேண்டும். துருத்தியின் காற்று பித்தளை நாக்குகளைத் தடவிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு நாக்குக்கும் ஒரே சுருதி, வளையாது, நெளியாது. இந்தக் குறைக்காகத்தான் அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தைத் தடை செய்து, 1971 வரையில் வெளியே வைத்திருந்தது. கமகம் பேசாத பெட்டி என்று பண்டிதர்கள் குற்றம் சொன்னார்கள். கச்சேரிக்கு அது சரியாக இருக்கலாம். சுடலைக் காட்சியில் கதையே வேறு. மனிதக் குரல் நடுங்கிச் சரிகிறது, மேலே போய் உடைகிறது. பெட்டி மட்டும் இரக்கமில்லாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. அது அசையாமல் நிற்பதால்தான் குரல் எவ்வளவு தூரம் சரிந்தது என்று நமக்குத் தெரிகிறது. என்னைக் கேட்டால், மயான காண்டத்தின் உண்மையான சுடலை அந்த ஆர்மோனியம்தான்.

இதே வகை நாக்குகள் உலகின் மறுபக்கத்திலும் இதே வேலையைச் செய்தன. அமெரிக்காவின் டென்வர் நகரத்துக் குழு ஒன்று, '16 ஹார்ஸ்பவர்', 1992இல் தொடங்கியது. நாட்டுப்புறக் கண்ட்ரி இசையைச் சாவு, பாவம், தீர்ப்பு நாள் என்று இருண்ட பக்கமாகத் திருப்பிய குழு. அதன் பாடகர் டேவிட் யூஜின் எட்வர்ட்ஸ் ஒரு பாதிரியாரின் பேரன். பாஞ்சோவோடு பாண்டோனியன் என்ற கைத்துருத்தி வாத்தியத்தையும் மடியில் வைத்து வாசிப்பார். அமெரிக்காவை விட ஐரோப்பாவின் நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம்தான் அவர்களுக்குக் கூட்டம் அதிகம். 2005இல் குழு கலைந்தது. அவர்கள் வைரமுத்துவைக் கேட்டிருக்க நியாயமில்லை. ஆனால் கிராமத்துப் பாட்டைச் சாவின் பக்கம் திருப்ப நினைத்தவர்கள் இரண்டு கண்டத்திலும் துருத்தி வாத்தியத்தையே கையில் எடுத்தார்கள் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. மூச்சு வாங்கி மூச்சு விடும் வாத்தியம் அது.

*

மயான காண்டம் கொழும்பு மேடைகளுக்கும் வந்தது, வானொலிக்கும் போனது. கொழும்பில் கடிகாரம் பார்க்கும் சபை. இரண்டு, இரண்டரை மணித்தியாலத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும், கடைசி பஸ் போய்விடும். ஊரில் விடியும்வரை ஓடிய இரவை இங்கே சுருக்கியபோதும் சுடலைக் காட்சியில் மட்டும் யாரும் கைவைக்கவில்லை.

1956 நவம்பரில் லயனல் வென்ட் அரங்கில் எதிரிவீர சரச்சந்திர 'மனமே'யை மேடையேற்றியதும் கிராமியக் கூத்துக்குப் படித்தவர் மத்தியில் மதிப்பு வந்தது. பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் 'கர்ணன் போர்', பிறகு 'இராவணேசன்' என்று மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார். மயான காண்டம் போன்ற இசை நாடகத்துக்கு அப்படி ஒரு தோள் கிடைக்க நாளாயிற்று. ஆர்மோனியம் கலந்த கலப்புச் சரக்கு, பழமையானதல்ல என்று ஒதுக்கினார்கள். மூன்று தலைமுறை சனம் விடிய விடிய அழுத பாட்டை எந்தத் தராசில் வைத்து நிறுத்தார்கள் என்று எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஒதுக்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வெளிப்படையாக யாரும் சொல்லமாட்டார்கள். இந்த மேடைகளில் பாடிய, மத்தளம் தட்டிய, திரை இழுத்த கலைஞர்களில் பலர் யாழ்ப்பாணத்தின் ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து வந்தவர்கள்.

இப்போது அந்தச் சுடலைக் காட்சியைத் திரும்பவும் பாருங்கள். அரசனை விலைக்கு வாங்கிய வீரபாகு யார்? சுடலை காப்பவன். ஊர் தொடாத சாதி. மேடையில் மன்னன் அவனுக்குக் கைகட்டி நிற்கிறான், அவன் கூலிக்காகச் சொந்தப் பிள்ளையின் பிணத்தை மறிக்கிறான். அதைப் பார்த்துக் கோயில் வீதியில் ஊரே அழுகிறது. விடிகிறது. பாயைச் சுருட்டிக்கொண்டு சனம் எழும்புகிறது. பாதிப் பேர் தலை முழுகிவிட்டுக் கோயிலுக்குள் போகிறார்கள். மீதிப் பேர் வாசலைத் தாண்ட முடியாது. இரவெல்லாம் பாடியவர்களிலும் அந்த மீதிப் பேர் இருந்தார்கள்.

சட்டம் வந்திருந்தது. 1957இல் பாராளுமன்றம் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தை நிறைவேற்றிவிட்டது. கோயில்கள் பல அதைக் கண்டுகொள்ளவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது, பொலிஸ் தடியடியைத் தாங்கிக்கொண்டு முன்னேறியது. அதற்குப் பிறகு தேநீர்க்கடைக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கோயில் கதவு மிச்சம்.

1968. வைரமுத்துவின் காங்கேசன்துறையிலிருந்து சைக்கிளில் கால் மணித்தியாலம் போனால் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில். ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு முடியும் பெருந்திருவிழா. அந்த முறை திருவிழாவுக்குப் பாட்டுக்காரர் மட்டும் வரவில்லை. தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தார் வாசலில் வந்து அமர்ந்தார்கள். உள்ளே விடு என்று கேட்டார்கள்.

மறித்து நின்றவர் ஊர்ச் சண்டியர் அல்ல. ஒக்ஸ்போர்டில் கணிதம் படித்துத் தேறியவர். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் கணிதப் பேராசிரியர். சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவர். சி. சுந்தரலிங்கம்.

கோயிலுக்கு வெளியே வெயிலில் சனம். கதவுக்கு இந்தப் பக்கம் முன்னாள் அமைச்சர். ஒரு நாடகாசிரியர் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, கதவுக்குப் பின்னால் இருக்கும் முருகனையே மேடைக்குக் கூட்டிவந்து யார் பக்கம் நிற்கிறாய் என்று கேட்கத் துணிந்தார். கேட்டவர் என்.கே. ரகுநாதன். நாடகம் 'கந்தன் கருணை'. முருகன் கையில் இருந்த வேலை யாரிடம் கொடுத்தான்?

(அடுத்த வாரம்)