சட்டம் எட்டாத வானலை: ‘நிக்கி டுநைட்’, 1995

1995-ஆம் ஆண்டு ஸ்டார் பிளஸில் நிக்கி பேடி நடத்திய ‘நிக்கி டுநைட்’ என்னும் பிரபலங்களுடனான உரையாடல் நிகழ்ச்சி அற்பாயுளில் முடிந்தது. விருந்தினர் ஒருவர் காந்தியடிகளை இழித்துரைத்த சொல் ஒளிபரப்பாகவே, நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது, வழக்குத் தொடுக்கப்பட்டது, நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

வானலைகள் பொதுச்சொத்து என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது அவ்வாண்டு பிப்ரவரியில்தான். கேபிள் தொலைக்காட்சி ஒழுங்குமுறைச் சட்டமும் அவ்வாண்டினதே. எனினும் அச்சட்டம் நேரே பிடித்தது தெருவில் கம்பி இழுத்த கேபிள் ஆபரேட்டரையே; ஸ்டாரின் ஒளிபரப்போ ஹாங்காங்கிலிருந்து வந்தது.

வரவேற்பறைப் பேச்சுநடை வானலை ஏறியபோது, திரைப்படத்துக்கு இருந்ததுபோல் அதற்கு முன்தணிக்கை வாரியம் இல்லை. சொல்லின் எல்லையை வகுத்தது, இந்தியச் சந்தையை இழக்க நேருமோ என்ற நிறுவனத்தின் அச்சமே எனக் கொள்ள இடமுண்டு. தனியார் தொலைக்காட்சியின் தற்தணிக்கை வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சியைத் தவிர்த்துச் செல்லவியலாது.