கொரோனாவில் ஹெல்த் இன்சூரன்ஸ் கம்பெனிகள் சம்பாதித்தனவா, இழந்தனவா?

"ஜனங்க பயத்தை வச்சு இன்சூரன்ஸ் கம்பெனிங்க நல்லா சம்பாதிச்சிட்டாங்க" - கொரோனா நேரத்தில் பலரும் சொன்ன பேச்சு இது. பாலிசி விற்பனை எகிறியது உண்மைதான். ஆனால் கணக்குப் புத்தகம் வேறு கதை சொல்கிறது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனம், 2020-21 நிதியாண்டில் சுமார் 826 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியது. அடுத்த ஆண்டில் அது 1,000 கோடியைத் தாண்டியது. பிரீமியம் வசூல் கூடிக்கொண்டே போன அதே இரண்டு ஆண்டுகளில்!

எப்படி இது?

100 பேர் பணம் கட்டினால், அந்த வருஷம் சிலர் மட்டுமே ஆஸ்பத்திரியில் படுப்பார்கள். உங்களுக்கு நோய் வருவதற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு வருவதற்கும் சம்பந்தம் இருக்காது. இன்சூரன்ஸ் தொழிலே இந்த நம்பிக்கையில்தான் ஓடுகிறது. தொற்றுநோய் உடைப்பது இதைத்தான். ஒரே பாலிசியில் இருக்கும் அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் ஒரே வாரத்தில் அட்மிட் ஆகிறார்கள். பிரீமியமோ முன்பே வாங்கியாச்சு, நடுவில் ஏற்ற முடியாது.

முதலில் என்ன நடந்தது?

ஆரம்பத்தில் நிலைமை தலைகீழ். 2020 ஊரடங்கில் கண்புரை, மூட்டு மாற்று போன்ற ஆபரேஷன்களை மக்கள் தள்ளிப்போட்டதால் வழக்கமான க்ளைம்கள் குறைந்தன. அமெரிக்காவின் யுனைட்டட்ஹெல்த் நிறுவனத்துக்கு 2020 ஏப்ரல் - ஜூன் காலாண்டில் கிடைத்த லாபம் சுமார் 660 கோடி டாலர். முந்தைய ஆண்டு இதே காலாண்டைவிட இரண்டு மடங்கு!

இந்தியாவில் அந்த நிம்மதி நீடிக்கவில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இரண்டாம் அலை. படுக்கை கிடைக்காமல் ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்ற நாட்கள் அவை. க்ளைம்கள் குவிந்தன. தள்ளிப்போட்ட ஆபரேஷன்களும் பின்னாடியே வந்து சேர்ந்தன.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ கணக்குப்படி, 2020-21ல் 100 ரூபாய் பிரீமியத்துக்குச் சுமார் 94 ரூபாய் க்ளைமுக்குப் போனது. 2021-22ல் சுமார் 109 ரூபாய். ஏஜென்ட் கமிஷன், ஆபீஸ் செலவெல்லாம் இதற்கு மேல். இத்தனைக்கும் அந்த ஓராண்டில் மொத்த ஹெல்த் பிரீமியம் சுமார் 58,000 கோடியிலிருந்து 73,000 கோடியாக உயர்ந்திருந்தது.

அப்படின்னா மக்கள் ஏன் கொதித்தார்கள்?

அந்தக் கோபமும் நியாயமானதுதான். பில்லில் பிபிஇ கிட், கையுறை, மாஸ்க் என்று நாளுக்கு நாள் தொகை ஏறியது. சாதாரண பாலிசிகள் பலவற்றில் இதற்கெல்லாம் பணம் கிடையாது. 2020 ஜூனில் தமிழக அரசு தனியார் மருத்துவமனைகளுக்கு உச்சவரம்பு வைத்தது. ஐசியுவுக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 15,000 ரூபாய். அதற்கு மேல் பில் வந்தால் கம்பெனிகள் பலவும் வெட்டின. மீதியை நோயாளியின் குடும்பம் நகையை அடகு வைத்துக் கட்டியது.

இதைச் சமாளிக்கத்தான் 2020 ஜூலையில் 'கொரோனா கவச்', 'கொரோனா ரக்ஷக்' பாலிசிகள் வந்தன. கவச்சில் பிபிஇ செலவும் கிடைத்தது. ரக்ஷக்கில் தொற்று உறுதியாகி 72 மணி நேரம் அட்மிட் ஆனால் முழுத் தொகையும் கைக்கு வந்தது.

பிறகு?

2021 டிசம்பரில் ஸ்டார் ஹெல்த் பங்கு வெளியீடு முழுமையாக விற்கவில்லை, சுமார் 79 சதவீதத்துக்கே விண்ணப்பம் வந்தது. கொரோனா க்ளைம்கள் அடங்கியதும், 2022-23ல் அதே நிறுவனம் சுமார் 619 கோடி லாபத்துக்குத் திரும்பியது. இந்த இடைவெளியில் பல கம்பெனிகள் பிரீமியத்தை ஏற்றின. ரின்யூவல் மெசேஜ் பார்த்து நீங்கள் அதிர்ந்த கதை இதுதான்.

ஒரு நல்லதும் நடந்தது. இரண்டாம் அலையில் டெல்லி உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, கொரோனா கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 60 நிமிடத்தில் பதில் சொல்ல வேண்டும் என்றது ஐஆர்டிஏஐ. 2024ல் எல்லா நோய்களுக்கும் அதுவே விதியானது: கேஷ்லெஸ் அனுமதிக்கு ஒரு மணி நேரம், டிஸ்சார்ஜ் ஒப்புதலுக்கு மூன்று மணி நேரம். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதல் கட்டணம் கேட்டால், அதைக் கம்பெனிதான் கட்ட வேண்டும்.