கம்பளி எதுக்கு அப்பாயி?

வீடு மாற்றியவர்களுக்குத் தெரியும், சாமான்களைக் கட்டுவது பெரிய வேலையே இல்லை. எதை விட்டுவிட்டுப் போவது என்று முடிவெடுப்பதுதான் வேலை. சென்ற மாதம் திருச்சியில் வாடகை வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து அப்பாயியின் தகரப்பெட்டியை இறக்கினேன். உள்ளே ஒரு கறுப்புக் கம்பளி. ஏப்ரல், மே மாதங்களில் ஃபேன் காற்றே அனலாக அடிக்கிற ஊர் இது. அப்பாயி அதைப் போர்த்தி நான் பார்த்ததே இல்லை.

"இது எதுக்கு அப்பாயி? தூக்கிப் போட்டுரவா?"

"கெடக்கட்டும் சாமி. அங்கேருந்து வர்றப்ப மூட்டையில மொதல்ல வச்சது அதத்தான்."

எங்கள் வீட்டில் 'அங்க' என்றால் இலங்கை மலையகம். ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். 1974இல் தாத்தாவோடும், கைக்குழந்தையாக இருந்த என் அப்பாவோடும் அப்பாயி அங்கிருந்து கிளம்பினார். அவர் பிறந்தது அங்கேதான். அவருடைய அம்மா பிறந்ததும் அங்கேதான். ஆனால் இந்திய அரசின் தாள்களில் இவர்களுக்கெல்லாம் பெயர், 'தாயகம் திரும்பியோர்'. கம்பளியைப் பார்த்ததிலிருந்து அந்தத் 'திரும்பியோர்' என்ற சொல் எனக்கு உறுத்துகிறது. சொந்த ஊருக்குத் திரும்புகிறவருக்கு அந்த ஊரின் வெயில் தெரிந்திருக்காதா?

கொஞ்சம் பின்னால் போகலாம். 19ஆம் நூற்றாண்டில் முதலில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயில் அழிந்த பிறகு தேயிலைக்கும் ஆங்கிலேயர்கள் தமிழகத்திலிருந்து ஆட்களைக் கொண்டுபோனார்கள். ஆரம்ப காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மலைக்கு நடந்தார்கள். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1914இல் பாம்பன் பாலம் வந்தது, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடியது, பயணம் சுலபமானது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் பின்னாளில் பிரச்சினை ஆனார்கள்.

இலங்கை சுதந்திரம் அடைந்த 1948லேயே வந்த குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்து, 1974இல் இந்திரா காந்தி காலத்தில் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் ஒரு எண்ணாக இருந்தவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அப்பாயி வீட்டில் இந்தியாவுக்கு மனுப் போட்டார்கள். 1973, 74இல் தோட்டங்களில் கடும் பஞ்சம். "மாவு கெடைக்கல. மரவள்ளிக் கெழங்கும் கீரையுமா ஓட்டுனோம். போனா சோறாச்சும் கெடைக்கும்னாரு ஒந்தாத்தா." அப்பாயியின் அக்கா இலங்கைக்கு மனுப் போட்டார். ஒரே லயத்தில் பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் இருந்த அக்காளும் தங்கையும் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள்.

மூட்டை கட்டிய கதையை அன்றைக்கு மதியம் முழுக்கச் சொன்னார். விற்க வீடு கிடையாது. மூன்று தலைமுறை வாழ்ந்த காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். கோழிகளை விற்றார்கள். அம்மியை அக்காவுக்குக் கொடுத்தார். சேமலாப நிதிப் பணத்துக்காகத் தாத்தா பலமுறை அலைந்தார். பாஸ்போர்ட்டைத் துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். சாமி படம், ஒரு பொட்டலம் தேயிலைத் தூள், இந்தக் கம்பளி. தோட்டத்தில் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் பிடித்துக்கொண்ட கம்பளி என்பதால், அது தன்னுடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

தலைமன்னாருக்குப் போகும் ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். போகிறவர்களும் அழுவார்கள், பிளாட்பாரத்தில் நிற்பவர்களும் அழுவார்கள். "அக்கா சன்னக் கம்பிய விடவே இல்ல" என்றார். அதற்குமேல் அந்த நாளைப் பற்றிச் சொல்லவில்லை.

ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரம். அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் தோட்டங்களுக்குப் போகிற கூலிகளை அடைத்துவைத்துச் சோதித்த அதே முகாம். நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டங்களில் சிலருக்கு வேலை கிடைத்தது. இன்னும் பலருக்குக் கொடுத்தது வியாபாரக் கடன். கவ்வாத்து வெட்ட மட்டுமே தெரிந்த என் தாத்தாவுக்குக் கிடைத்ததும் அதுதான். திருச்சியில் பெட்டிக்கடை வைத்தார். யாரை நம்பிக் கடன் கொடுக்கலாம் என்றுகூடத் தெரியாத ஊரில் அந்தக் கடை எட்டு மாதம் தாங்கியது. பிறகு கல்லுடைக்கப் போனார்.

அங்கே 'கள்ளத்தோணி' என்று ஏசினார்கள். இங்கே வந்தால் 'சிலோன்காரி'.

கடைசியாகக் கேட்டேன், "சரி, இந்த வெயிலுக்குக் கம்பளியை ஏன் தூக்கிட்டு வந்த?"

அப்பாயி என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "எல்லாரும் இந்தியா இந்தியான்னாங்க. அங்க குளிருமா, குளிராதான்னு எனக்கு எப்படிய்யா தெரியும்? நான் என்ன வந்து பாத்தனா?"

ஒப்பந்தம் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அவர் திரும்பவில்லை. முன்பின் பார்த்திராத ஊருக்குக் குடிபோனார். அதனால்தான் தெரியாத இடத்துக்குப் போகிறவர் கட்டுவதுபோல மூட்டை கட்டியிருக்கிறார்.

மறுநாள் குட்டியானை வந்தது. டிவி ஸ்டாண்டையும் பழைய பாடப் புத்தகங்களையும் விட்டுவிட்டோம். தகரப்பெட்டி ஏறியது. புது வீட்டில் பரண் இல்லை. அப்பாயியின் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.