வெள்ளித் தட்டில் வந்த புகை

போன மாதம் பதினொன்றாம் வகுப்பில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து மாம்பழ வாசனை வந்தது. மாம்பழக் காலமும் இல்லை. ஒரு பையன் எதையோ சட்டைக்குள் மறைத்தான். வாங்கிப் பார்த்தேன். விரல் நீளம், நீல நிறம், ஒரு முனை தட்டையாக ஒடுங்கியிருந்தது. பென் டிரைவ் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒடுங்கிய முனையில் எச்சில் ஈரம் இருந்தது.

"சார், இது சிகரெட் இல்ல சார். புகையே கிடையாது. வெறும் ஆவிதான்" என்றான்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. அந்த அழகுதான் எனக்கு ஆக்ராவில் அக்பர் முன் வைத்த ஒரு வெள்ளித் தட்டை நினைவுபடுத்தியது.

1604 வாக்கில் நடந்தது அது. அக்பரின் தூதராகப் பிஜப்பூர் போய்த் திரும்பிய அசத் பேக் அதைத் தன் குறிப்புகளில் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். போர்த்துக்கீசியரின் கப்பல்களில் மேற்குக் கரைக்கு வந்த புகையிலையை அவர் பிஜப்பூரில் கண்டார். வடக்கே அவர் பார்த்தறியாத பொருள். அரசருக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். வெறும் இலையாகக் கொடுத்தால் யார் மதிப்பார்கள்? சுமத்திராவின் ஆச்சேயிலிருந்து வந்த மூன்று முழக் குழல் ஒன்றைத் தேடிப் பிடித்தார். அதன் இரண்டு முனைகளிலும் மணிகள் பதித்தார். வாய் வைக்கும் இடத்தில் யேமன் நாட்டுச் சூதுபவளம். பற்றவைக்கப் பொன்னில் ஒரு கிண்ணம். பிஜப்பூர் சுல்தான் தந்த வெற்றிலைப் பை நிறையப் புகையிலை. குழலை வைக்க வெள்ளி உறை, அதன்மேல் ஊதா வெல்வெட். எல்லாவற்றையும் வெள்ளித் தட்டில் அடுக்கி அரசர் முன் வைத்தார்.

மற்ற பரிசுகளைப் பார்த்துக்கொண்டிருந்த அக்பரின் கண் இந்தத் தட்டில் வந்து நின்றது. இது என்ன என்று கேட்டார். பக்கத்திலிருந்த பிரபு கான்-இ-ஆசம், இது மெக்காவிலும் மதீனாவிலும் பெயர்பெற்றது, தங்களுக்கு மருந்தாகக் கொண்டுவந்திருக்கிறார் என்றார். அரசர் குழலை வாயில் வைக்கப் போனார். மருத்துவர் அருகே வந்து தடுத்தார். கொண்டுவந்தவர் மனம் நோகக் கூடாதென்று அக்பர் இரண்டு மூன்று இழுப்பு மட்டும் இழுத்தார்.

பிறகு அரண்மனை மருந்தாளரை அழைத்துக் கேட்டார்கள். எங்கள் நூல்களில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை, குழல்கள் சீனத்திலிருந்து வருகின்றன, ஐரோப்பிய மருத்துவர்கள் புகழ்ந்திருக்கிறார்கள் என்றார் அவர். சோதித்தறியாத பொருளை அரசர் தொடுவது தகாது என்றார் மருத்துவர். அசத் பேக் விடவில்லை. உலகத்தில் எந்த வழக்கமும் ஒருநாள் புதிதாக வந்ததுதானே, நல்ல குணம் உடனே தெரியாமலும் போகலாமே என்று வாதாடினார். நம் நூல்களில் இல்லை என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிட்டால் எப்படி முன்னேறுவது என்று அக்பரும் அவர் பக்கம் பேசினார். மருத்துவர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அரசர் கையமர்த்திவிட்டார்.

அசத் பேக்கின் வாதம் மூடத்தனமானதல்ல. அறிவை மதிக்கிற எவரும் அப்படித்தான் பேசுவார்கள். ஆனால் நல்லது உடனே தெரியாது என்றால் கெட்டதும் உடனே தெரியாதே. அதைச் சொல்லத்தான் மருத்துவர் வாயெடுத்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அசத் பேக் மிச்சத்தைப் பிரபுக்களுக்கு அனுப்பினார். கிடைக்காதவர்கள் ஆளனுப்பிக் கேட்டார்கள். வணிகர்கள் விற்கத் தொடங்கினார்கள். அக்பர் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. 1617இல் அவர் மகன் ஜஹாங்கீர் புகையிலையைத் தடை செய்தார். தடை நிற்கவில்லை. ஹுக்காக் குழலும் கையுமாக இருக்கும் பிரபுக்களைப் பிற்கால ஓவியங்களில் எத்தனையோ பார்க்கலாம். நம் பக்கமும் அந்த இலை வேரூன்றியது. சுருட்டிப் பிடித்ததைச் சுருட்டு என்றோம். அந்தச் சொல்லே ஆங்கிலத்துக்குப் போய் 'செரூட்' ஆனது.

சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர்கள் டாலும் ஹில்லும் லண்டனில் ஆய்ந்து வெளியிட்டது 1950இல். வெள்ளித் தட்டு வந்து ஏறக்குறைய 346 ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தப் பையனிடம் இருந்தது மின்சிகரெட். இன்றைய மின்சிகரெட்டுக்கு வழிகோலியவரும் ஒரு மருந்தாளர்தான். சீனத்தின் ஹோன் லிக், 2003 வாக்கில் அதை உருவாக்கினார். அவரே நிறையப் புகைத்தவர். அப்பாவை நுரையீரல் புற்றுநோயில் இழந்தவர். புகைப்பவர்களுக்கு ஒரு மாற்று வேண்டும் என்ற அவருடைய தவிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சிகரெட்டையே தொட்டிராத பதினாறு வயதுப் பையனிடம் அது மாம்பழ வாசனையோடு வந்து சேர்ந்திருக்கிறது. உள்ளே இருந்த திரவத்தில் நிக்கோட்டின் உண்டு என்று அதன் அட்டையிலேயே அச்சடித்திருந்தது. தமிழ்நாட்டில் 2018இலும் நாடு முழுக்க 2019இலும் விற்பனைக்குத் தடை வந்தாயிற்று. ஜஹாங்கீரின் தடையைப் பாடமாக நடத்துகிற எனக்கு, சட்டம் மட்டும் போதாது என்று தெரியும்.

அன்று மாலை அந்தப் பையனை உட்காரவைத்துப் பேசினேன். திட்டவில்லை. அந்தத் தட்டின் கதையைச் சொன்னேன். பிறகு என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். சட்டைப் பையில் எப்போதும் ஒரு கட்டு பீடி வைத்திருந்தவர். கடைசி இரண்டு வருடம், தெருமுனைக் கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் இரண்டு திண்ணைகளில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். எந்தத் திண்ணை எந்தத் திண்ணை என்று இன்றும் என்னால் காட்ட முடியும்.

ஆக்ராவில் அந்த மருத்துவரைப் பேசவிடவில்லை. பாதியில் நின்ற அவருடைய பேச்சை ஒரு பையனுக்காவது முழுசாகச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. சொன்னேன்.